மாசமாக இருப்பவளிடம் சொல்லாத சேதி

1

தஞ்சாவூர்ப் பக்கத்தில் வளைகாப்பு என்று கை நிறைய வளையலை அடுக்குவார்கள். எங்கள் சேலம் ஜில்லாவில் சோற்றைத்தான் அடுக்குவோம். பெண் மாசமாக இருந்தால் பிறந்த வீட்டார் புளிச்சோறு, எள்ளுச்சோறு, தயிர்ச்சோறு என்று வகை வகையாகக் கட்டிக்கொண்டு சம்பந்தி வீட்டுக்குப் போவார்கள். விருந்து முடிந்ததும் மகளைப் பிரசவத்துக்குக் கூட்டி வருவார்கள். அதற்குக் கட்டுச்சோறு என்று பெயர். நான் மலாயாவுக்கு வந்த இத்தனை வருஷத்தில் இந்த ஈப்போ ரயில்வே லயத்து வரிசை வீடுகளில் எத்தனையோ பெண்களுக்குக் கட்டுச்சோறு ஆக்கிக் கொடுத்திருக்கிறேன். தாய் ஊரில் இருக்கும், பெண் இங்கே இருக்கும், நடுவில் கடல் இருக்கும். அந்தத் தாய்களுக்குப் பதிலாக நான் போவேன்.

என் மகளுக்குக் கட்டவேண்டிய முறை வந்தபோது மட்டும் போகக் கூடாது என்றார்கள்.

காரணம் இதுதான். போன மாதம் என் வீட்டுக்காரர் இறந்து போனார். ரயில்வேயில் சரக்குக் கணக்கு எழுதும் கிராணி வேலை. மத்தியானம் சாப்பாட்டுக்கு வந்தவர், கை கழுவக் குழாயடிக்குப் போனவர், அங்கேயே உட்கார்ந்துவிட்டார். நான் இலையில் ரசம் ஊற்றிவிட்டுக் கூப்பிட்டேன், கூப்பிட்டேன், பிறகு கோபித்துக்கொண்டேன். கோபம் தீர்ந்து போய்ப் பார்த்தபோது உயிர் இல்லை.

எங்களுக்கு ஒரே மகள். பெயர் பாவாயி. கட்டிக்கொடுத்து தைப்பிங்கில் இருக்கிறாள். ஏழு மாசம். சேதி வெளியே போகுமுன்பே லயத்துப் பெரிய மனிதர்கள் வாசலில் கூடித் தீர்மானம் செய்துவிட்டார்கள்: வாயும் வயிறுமாக இருக்கிற பெண்ணிடம் சாவுச் சேதி சொல்லக் கூடாது. என்னை யாரும் கேட்கவில்லை. மாப்பிள்ளை சண்முகம், ஆபீஸ் வேலையாகக் கோலாலம்பூர் போவதாக அவளிடம் சொல்லிவிட்டு வந்து கொள்ளி வைத்துவிட்டுப் போனார்.

நான் தைப்பிங் போக முடியாது. வெள்ளைச் சேலையும் வெறும் நெற்றியுமாக அவள் வாசலில் போய் நின்றால் என் வாய் சொல்லாததை என் முகம் சொல்லிவிடும். அதனால் அம்மாவுக்கு மூட்டுவலி, அப்பாவுக்கு வேலை அதிகம் என்று மாப்பிள்ளை ஏதேதோ சொல்லிச் சமாளித்துக்கொண்டிருந்தார்.

போன ஞாயிற்றுக்கிழமை அவர் மறுபடி வந்தார். பொய் சொல்லிப் பழகாத மனிதர். நாற்காலி நுனியில் உட்கார்ந்து தொப்பியைத் திருகிக்கொண்டே இருந்தார்.

"அவ சரியாச் சாப்பிடறதில்ல அத்தை. பேசறதும் இல்ல. ஜன்னல்கிட்ட உட்கார்ந்தா அப்படியே உட்கார்ந்திருக்கா. டாக்டரம்மா குழந்தை நல்லாத்தான் இருக்குன்னு சொல்றாங்க."

"அவ நல்லா இருக்காளான்னு கேட்டீங்களா?"

அவர் தொப்பியைத் திருகுவதை நிறுத்தினார். தரையைப் பார்த்தபடி, "கட்டுச்சோத்துக்கு நீங்க வந்தா தெளிஞ்சிடுவா. ஒரே ஒரு நாள், பொட்டு வச்சுக்கிட்டு, கலர் சேலை கட்டிக்கிட்டு வந்துட்டுப் போங்க அத்தை," என்றார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அவரை அப்படியே ரயிலேற்றி அனுப்பியிருப்பேன். ஆனால் அவர் கண் கலங்கியிருந்தது. யோசித்துச் சொல்கிறேன் என்று காபியைக் கொடுத்து அனுப்பினேன்.

2

மறுநாள் ரயில்வே ஆபீசுக்குப் போகவேண்டியிருந்தது. புருஷன் செத்தால் பெண்டாட்டிக்குச் சேரவேண்டியதைத் தருவதற்கு முதலில் நான் பெண்டாட்டிதான் என்று காட்ட வேண்டுமாம். அங்கே இருந்த கிராணி யாழ்ப்பாணத்துக்காரர். நல்ல மனிதர். ஆனால் காகிதம் இல்லாத எதையும் அவரால் நம்ப முடியாது.

"கலியாணப் பத்திரம் இருக்குதே அம்மா?"

"ஊரே வந்து சாப்பிட்டுப் போச்சுங்க."

"அது சரி. மகள் எங்கை பிறந்தவ?"

"மலை மேலேங்க. கொல்லிமலை."

"எந்த ஆஸ்பத்திரி?"

நான் சிரித்துவிட்டேன். துக்க வீட்டுக்காரி சிரித்ததைப் பார்த்து அவர் பயந்து போய்ப் பேனாவைக் கீழே வைத்தார். மகளையாவது கூட்டிக்கொண்டு வாருங்கள், அவள் கையெழுத்துப் போடட்டும் என்றார். அவளுக்கு இன்னும் தெரியாது என்றேன். சட்டென்று குரலைத் தாழ்த்தி, "ஓம், ஓம், இந்த நேரத்திலை சொல்லக் கூடாது," என்றார். கடல் தாண்டியும் ஜாதி தாண்டியும் எல்லோருக்கும் ஒத்துப்போகிற சட்டம் இது ஒன்றுதான் போலிருக்கிறது.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். இந்த வீட்டில் இப்போது நான் பேசினால் நான்தான் கேட்கவேண்டும். மகள் மலாய்க்காரர்களோடு மலாயில் பேசுவாள், புருஷனோடு இங்கிலீஷில் பேசுவாள், என்னோடு பேசும்போது மட்டும் ஒவ்வொரு தமிழ் வார்த்தையாகத் தேடி எடுத்துப் போடுவாள். பாவாயி என்ற பெயரே அவளுக்குப் பிடிக்காது. கான்வென்டில் கன்னியாஸ்திரீகள் 'பாவி' என்று கூப்பிட்டார்களாம். ஏன் எனக்கு இந்தப் பெயரை வைத்தாய் என்று சண்டை பிடித்திருக்கிறாள். மலையில் பிறந்தாய், அந்த மலைச் சாமியின் பெயரை வைத்தேன் என்று மட்டும் சொல்வேன். அதற்குமேல் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் எந்த மொழியில் சொல்லியிருப்பேனோ தெரியாது.

3

ஜெர்மன் சண்டை முடிகிற சமயம். கல்யாணம் ஆகி மூன்றாம் மாதமே என் வீட்டுக்காரர் லீவு முடிந்து கப்பலேறிவிட்டார். நான் காளப்பநாயக்கன்பட்டியில் பிறந்த வீட்டில் மாசமாக இருந்தேன். ஐப்பசி மழையோடு அந்த விஷக்காய்ச்சல் வந்தது. காலையில் ஏர் ஓட்டியவன் மாலையில் இருமினான், மறுநாள் பாடையில் போனான். தூக்குவதற்கு ஆள் இல்லாமல் கட்டை வண்டியில் போட்டுக்கொண்டு போனார்கள். சாவுக்குப் பறை அடிப்பதைக்கூட நிறுத்திவிட்டார்கள். அடித்தால் நாளெல்லாம் அடிக்கவேண்டும்.

எங்கள் ஐயனுக்கு, அதாவது என் அப்பாவுக்கு, மலைமேல் ஆலத்தூர் நாட்டில் பழக்கமான ஒரு குடும்பம் இருந்தது. பலாப்பழமும் சாமையும் கொண்டுவந்து எங்கள் வீட்டில்தான் இறக்குவார்கள். அந்த வீட்டுப் பிள்ளை சீரங்கன் சந்தைக்கு வந்திருந்தான். அவனோடு என்னை மலைக்கு அனுப்பினார். மலையில் காய்ச்சல் இல்லை.

"பொழச்சுக் கெடந்தா வந்து கூட்டிக்கறேன் கண்ணு," என்றார் ஐயன். அம்மா ஒன்றும் சொல்லாமல் ஒரு மூட்டை கருப்பட்டியைக் கட்டிக் கொடுத்தாள். அப்போது அவளுக்குத் தொண்டை கரகரத்தது. நான் அழுகையினால் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த மலையை வயிற்றில் பிள்ளையோடு ஏறியவர்களுக்குத்தான் அதன் உயரம் தெரியும். சீரங்கன் என் டிரங்குப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு முன்னே போனான். நான் நின்றால் அவனும் திரும்பிப் பார்க்காமல் நிற்பான். ஊர் எல்லையில் பாதையின் குறுக்கே இலந்தை முள்ளை வெட்டிப் போட்டிருந்தார்கள். கீழேயிருந்து யாரும் வரக்கூடாது. முள்ளுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு அரை நாள் பேசினார்கள். கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்கள். சீரங்கனின் மனைவி பொன்னாயியும் மாசமாக இருந்தாள். மாசமான இரண்டு பேரையும் ஊரை விட்டுத் தள்ளி, சாமைக்காட்டுக் குடிசையில் வைத்துவிடுவது. சோறு ஒரு பாறைமேல் வைக்கப்படும். வைத்தவர்கள் எட்டி நின்று குரல் கொடுத்துவிட்டுப் போவார்கள். எங்களைக் காப்பாற்றத்தான் செய்தார்கள். அதில் எனக்கு இன்றும் குறையில்லை.

சீரங்கன் உப்பு கொண்டுவருவதற்காகத் திரும்பக் கீழே இறங்கினான். பொன்னாயி அவனைப் பார்த்து, "சுருக்கா வந்துருங்க," என்று மட்டும் சொன்னாள்.

4

முதலில் சில நாள் நன்றாகத்தான் இருந்தது. பொன்னாயி என்னைவிடச் சின்னவள். முதல் பிரசவம். உரலில் சாமை குத்திக்கொண்டே ஏதாவது பேசுவாள். நான் பட்டிக்காட்டுக்காரிதான், அவளுக்கு நான் பட்டணத்துக்காரி. கப்பல் எப்படி மிதக்கும் என்று கேட்பாள். எனக்கு அது தெரியாது. தெரிந்த மாதிரி சொல்வேன்.

பிறகு பனி இறங்கியது. குடிசைக்கு வெளியே எதுவும் தெரியாது. எனக்கும் ஏதோ ஆயிற்று. அதற்கு என்ன பெயர் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. காய்ச்சல் இல்லை, வலி இல்லை. காலையில் கண்ணைத் திறந்தால் ஏன் திறந்தோம் என்று இருக்கும். சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வேன். தலை வாரவில்லை, முகம் கழுவவில்லை. பிள்ளை வயிற்றில் உதைக்கும். யாரோ பக்கத்து வீட்டில் கதவைத் தட்டுகிறார்கள் என்பதுபோல் கேட்டுக்கொண்டிருப்பேன். அது பிறந்தால் பிறக்கட்டும், பிறக்காவிட்டால் போகட்டும் என்று தோன்றியது. ஒரு தாய் இப்படி நினைக்கலாமா என்று கேட்பீர்கள். நினைத்தேன். அழக்கூட வரவில்லை.

முதலில் சேதி கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். பாறைக்கு வருகிறவர்களிடம் "எங்க ஊட்டுல எல்லாரும் சௌக்கியங்களா?" என்று கத்துவேன். "சௌக்கியந்தான் சாமி!" என்று பதில் வரும். கீழே தெருத்தெருவாகச் செத்துக்கொண்டிருக்கிறார்கள், என் வீட்டில் மட்டும் சௌக்கியம். ஒவ்வொரு தடவையும் அதே குரல், அதே வார்த்தை. மாசமானவளிடம் சாவைச் சொல்லமாட்டார்கள் என்று எனக்குத் தெரியாதா? நானே எத்தனை பேரிடம் அப்படிச் சொல்லியிருக்கிறேன். நல்ல சேதி எதையும் நம்ப முடியாமல் போயிற்று. கேட்பதை நிறுத்தினேன். பாறைக்குப் போவதையும் நிறுத்தினேன். பொன்னாயிதான் போய்ச் சோறு எடுத்து வருவாள். ஆனால் அவளுக்கும் நாளாக ஆகப் பேச்சுக் குறைந்தது. சோற்றை எடுக்கப் போனால் நேரே வரமாட்டாள். மலைச்சரிவின் விளிம்பில் நின்று பாதையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். உப்புக்குப் போனவன் வரவில்லை.

ஒரு நாள் அவள் ஓடையில் தண்ணீர் மொள்ளப் போயிருந்தபோது அவள் மாமியார் பாறைக்கு வந்தாள். நான் குடிசை வாசலில் இருந்ததைப் பார்த்து எட்டி நின்றே பேசினாள்.

"எம் மவன் போயிட்டான் கண்ணு. கீழயே எரிச்சுப் போட்டாங்களாம். அவகிட்டச் சொல்லிப் போடாதே."

முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அழுதாள். நானும் மாசமானவள்தானே, என்னிடம் மட்டும் எப்படிச் சொன்னாள் என்று கேட்காதீர்கள். இந்த வழக்கத்துக்கு ஒரு சந்து உண்டு. சொந்தச் சாவைத்தான் சொல்லக் கூடாது. அடுத்தவர் சாவைச் சொன்னால் வயிற்றுப் பிள்ளைக்குத் தோஷமில்லை. அவ்வளவு சாவை வைத்துக்கொண்டு யாரிடமாவது சொல்லாமல் அவர்களாலும் இருக்க முடியவில்லை. பாவம், யாரிடம்தான் சொல்வார்கள்?

5

அன்றிலிருந்து நான் பொன்னாயியைத் தாங்க ஆரம்பித்தேன். வெகுநாள் கழித்து எழுந்து முகம் கழுவினேன். என் அம்மா கொடுத்த கருப்பட்டியில் பெரிய துண்டை அவளுக்குக் கொடுத்தேன். குடத்தை அவள் கையிலிருந்து பிடுங்கினேன். ஆனால் அவள் முகத்தைப் பார்க்கமாட்டேன்.

அவளும் என்னைத் தாங்கினாள். வேண்டாம் என்றாலும் என் தலையில் சிக்கெடுத்துப் பின்னிவிட்டாள். தனக்கு வந்த தேனை என் கஞ்சியில் ஊற்றினாள். அவளும் என் முகத்தைப் பார்க்கவில்லை. இப்படி எத்தனை நாள் போயிற்றோ. ஒரு குடிசைக்குள் இரண்டு பேர் ஒருவர்மேல் ஒருவர் பரிதாபப்பட்டுக்கொண்டு பேசாமல் இருந்தோம். அதைவிடத் தனியாக நான் எப்போதும் இருந்ததில்லை, இந்த ஈப்போ வீட்டில்கூட.

ஒரு காலை, அவள் தன் பங்குக் கஞ்சியையும் என் சட்டியில் ஊற்றினாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. கோபம் எனக்கு எப்போதும் உதவிதான் செய்திருக்கிறது.

"எதுக்குடி என்னை இப்படித் தாங்கறே?"

அவள் சட்டியைக் கீழே வைத்தாள். "நீங்க எதுக்குங்க என்னைத் தாங்கறீங்க?"

இரண்டு பேரும் அப்போதுதான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். அவளிடமும் எனக்கான ஒரு சாவு இருக்கிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அவளுக்கும் தெரிந்துவிட்டது. உரலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நீங்க சொல்லுங்க. நானும் சொல்லிப்புடறேன்."

"பொன்னாயி, வேண்டாம்."

"சொல்லுங்க. தெனமும் அந்த விளிம்புல போய் நிக்கறேன். காலு தானா முன்னால போகுதுங்க. சொல்லிப்போட்டீங்கன்னா போகமாட்டேன்."

"சீரங்கன் வரமாட்டாரு," என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். பிறகு, "உங்கம்மா," என்றாள். "உங்கய்யன் ஊருக்குள்ள போகாம இந்தப் பாறை வரைக்கும் வந்தாருங்க. நீங்க சொவத்தப் பாத்துப் படுத்திருந்தீங்க. எங்கிட்டச் சொல்லிட்டு அழுதுக்கிட்டே எறங்கிப் போனாரு."

நாங்கள் அழுத அழுகை ஊர்வரை கேட்டிருக்கும். பொன்னாயி மண்ணில் புரண்டாள். நான் அவள் புருஷனுக்கும் சேர்த்து அழுதேன், அவள் என் அம்மாவுக்கும் சேர்த்து அழுதாள். ஒப்பாரி வைக்க ஆளில்லாத சாவுகளுக்கு மாசமான இரண்டு பெண்கள் ஒப்பாரி வைத்தோம். அழுது முடித்து, ஆறிப்போன கஞ்சியை ஒரே சட்டியில் குடித்தோம். எனக்குப் பசித்தது. பிள்ளை உதைத்தது. அது என் வயிறு என்று தெரிந்தது.

இத்தோடு கதை முடிந்திருந்தால் மாப்பிள்ளை கேட்டதற்கு யோசித்துச் சொல்கிறேன் என்று நான் சொல்லியிருக்கமாட்டேன், பொட்டு வைக்கமாட்டேன் என்று அன்றே சொல்லியிருப்பேன். பொன்னாயிக்கு முன்னதாகவே வலி கண்டது. ஆண் குழந்தை. சில நாள் இருந்தது, போய்விட்டது. அவள் மாமியார் என் நேரே கையை நீட்டி, "சாவச் சொன்னே, பாரு, பழி வாங்கிருச்சு," என்றாள். மறு மாதம் எனக்குப் பாவாயி பிறந்தாள். பொன்னாயிதான் முதலில் அவளைக் கையில் வாங்கினாள். தன் பாலை ஊட்டினாள்.

காய்ச்சல் ஓய்ந்து ஐயன் கூப்பிட வந்தபோது பொன்னாயி முள்ளு கிடந்த இடம்வரை வந்தாள். நான் கேட்காமலே சொன்னாள்: "அத்தை சொல்றத மனசுல வெச்சுக்காதீங்க. புள்ள போனது அது விதிங்க. நீங்க அன்னிக்குச் சொல்லலைன்னா நானும் அந்தப் பள்ளத்துலதான் கெடந்திருப்பேன்."

அவள் சொன்னதை நம்பத்தான் ஆசை. ஆனால் மாமியார் நீட்டிய கையும் இந்த இருபது வருஷமாக என்னோடு கடல் தாண்டி வந்து குடியிருக்கிறது. யார் சொன்னது சரி என்று எனக்குச் சொல்ல எந்த டாக்டரும் கிடையாது. பாவாயிக்கு ஏழு மாசம். பொன்னாயிக்கும் அப்போது ஏழு மாசம்தான்.

6

கட்டுச்சோற்றுக்குக் குறித்த வெள்ளிக்கிழமை விடிந்ததும் அடுப்பைப் பற்றவைத்தேன். புளிச்சோறு கிளறினேன், எள்ளு வறுத்தேன். பக்கத்து லயத்து அம்மாள் குங்குமச் சிமிழோடு வந்து நின்றாள். மாப்பிள்ளை எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தார் போல. "பொண்ணு நன்மைக்குத்தானே, வச்சுக்கோங்க," என்றாள். சிமிழை வாங்கினேன். கண்ணாடி முன் நின்றேன். ஒரு விரல் தொட்டால் போதும். என் மகள் சிரிப்பாள், சாப்பிடுவாள், நான் திரும்பி வந்துவிடலாம். வைத்துக்கொள்ளாமல் போய், அவளுக்கு ஒன்று ஆகிவிட்டால் நான் யார் முகத்தில் விழிப்பேன்? ஆனால் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பவளும் அன்று சுவரைப் பார்த்துப் படுத்திருந்த நானும் ஒன்றுதான் என்று தோன்றியது. சிமிழை மூடி அந்த அம்மாளிடமே கொடுத்துவிட்டேன். வெள்ளைச் சேலையோடு ரயிலேறினேன். தைப்பிங் போய்ச் சேரும்வரை எனக்குத் தெரிந்த சாமி எல்லாவற்றையும் கூப்பிட்டேன்.

கதவைத் திறந்தது பாவாயிதான். கண்ணைச் சுற்றிக் கறுத்துப் போயிருந்தாள். என் நெற்றியைப் பார்த்தாள், சேலையைப் பார்த்தாள். பின்னால் மாப்பிள்ளை ஓடி வந்து அப்படியே நின்றுவிட்டார்.

"அப்பாவா?" என்றாள்.

"ஆமா சாமி. அப்பாதான். போன மாசம்."

அவள் அழவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு மெல்லத் தரையில் உட்கார்ந்தாள். நானும் சோற்றுத் தூக்கைப் போட்டுவிட்டு உட்கார்ந்தேன். என் கையை இறுக்கிப் பிடித்தாள்.

"அப்பா மட்டுந்தானா? எனக்கு ஒண்ணும் இல்லையே?"

"உனக்கு என்ன கண்ணு?"

"டாக்டரம்மா இவர்கிட்ட மட்டும் தனியாப் பேசினாங்க. அப்புறம் எல்லாரும் என்கிட்ட சிரிச்சுச் சிரிச்சுப் பேசறாங்க. பக்கத்து வீட்டு அம்மா கேக்காமலே பலகாரம் கொண்டு வராங்க. நீ மட்டும் வரலை. நான் இந்தப் பிரசவத்துல பிழைக்கமாட்டேன், அது எல்லாருக்கும் தெரியும், என்கிட்டதான் சொல்லலைன்னு நினைச்சேன்மா. இந்தப் பிள்ளையை யார் வளர்ப்பாங்கன்னு ஜன்னல்கிட்ட உட்கார்ந்து தினமும் யோசிச்சேன்."

தமிழ் வார்த்தையைத் தேடாமல் அவள் இவ்வளவு நீளமாக என்னிடம் பேசி எத்தனையோ வருஷமாயிற்று. அவளை இழுத்து என் மடியில் போட்டுக்கொண்டேன்.

"நீ சாகலை சாமி. செத்தது உங்கப்பாதான்," என்றேன்.

ஒரு மகளிடம் இதை ஆறுதலாகச் சொல்ல நேரும் என்று நான் நினைத்ததில்லை. அவள் முதலில் மூச்சுவிட்டுச் சிரித்தாள். பிறகு, அப்பா, அப்பா என்று அழ ஆரம்பித்தாள்.